காரில் இருந்தும் தெரியாத வசதிகள்: மலை இறக்கத்திலும் மழைத் தண்ணீரிலும் எது உதவும், எது கட்டுக்கதை?

கோவையில் ஒரு நல்ல மழை பெய்து, லங்கா கார்னரிலோ கிக்கானி பள்ளி சுரங்கப்பாதையிலோ தண்ணீர் தேங்கினால் போதும். காரில் மாட்டிக்கொண்டால் தப்பிப்பது எப்படி என்று செல்போனில் வீடியோக்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். "சீட்டின் ஹெட்ரெஸ்டைக் கழற்றி, அதன் கம்பியால் கண்ணாடியை உடைக்கலாம். அதற்காகத்தான் கம்பெனி அதைக் கழற்றும்படி வைத்திருக்கிறது" என்பது அவற்றில் அதிகம் பரவியது. கூடவே "உங்கள் காரில் ஒளிந்திருக்கும் பத்து ரகசியங்கள்" என்ற வகைப் பதிவுகளும் வரும். அவற்றில் சில உண்மை, சில பாதி உண்மை, சில ஒரு வண்டிக்குப் பொருந்தி இன்னொன்றுக்குப் பொருந்தாதவை.

கொங்குப் பகுதியில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இதில் தனி அக்கறை வேண்டும். காலையில் நான்கு வழிச்சாலையில் ஓடிய வண்டியே மத்தியானம் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ, திம்பத்தின் 27 வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ ஏறி இறங்குகிறது. இப்படிப்பட்ட சாலைகளில் உயிரைக் காப்பாற்றக்கூடிய வசதிகள் அநேகமாக எல்லாக் கார்களிலும் ஏற்கெனவே இருக்கின்றன. விலை குறைந்த மாடலிலும் இருக்கின்றன.

காசு கொடுத்து வாங்கியும் ஏன் தெரியாமல் போகிறது?

எந்தக் கம்பெனியும் வேண்டுமென்று எதையும் ஒளித்து வைப்பதில்லை. மூன்று காரணங்களால் அவை கவனத்துக்கு வராமல் போகின்றன.

1. சட்டம் கேட்டதால் வந்தவை. ஏஐஎஸ் 145 என்ற பாதுகாப்பு விதிப்படி 2019 ஜூலை 1 முதல் விற்கப்படும் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக், முன்சீட் பெல்ட் எச்சரிக்கை, ரிவர்ஸ் பார்க்கிங் சென்சார், வேக எச்சரிக்கை, மின்சாரம் போனாலும் கதவைக் கையால் திறக்கும் வழி ஆகியவை கட்டாயம். 80 கிலோமீட்டரைத் தாண்டினால் அவ்வப்போதும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் வண்டி சத்தம் போடுவது இந்த விதியால்தான். அதைக் கோளாறு என்று நினைத்து ஒர்க் ஷாப்பில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

2. அவசரத்துக்கு மட்டும் தேவைப்படுபவை. தெரியாமல் கை பட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு மூடிக்கு அடியில் இருக்கும்.

3. தினமும் கண்ணில் படுபவை, ஆனால் யாரும் விளக்காதவை. டெலிவரி நாளில் மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து, சாவியை நீட்டி போட்டோ எடுத்த பிறகு மிஞ்சும் கால் மணி நேரத்தில் டச் ஸ்கிரீனும் புளூடூத்தும்தான் சொல்லித்தரப்படுகின்றன. கையேடு பிளாஸ்டிக் உறை பிரியாமல் டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது.

பெட்ரோல் பங்க்கில் "மூடி எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டதும் இறங்கிப் பார்க்கிறோமே, அதற்கான பதில் மீட்டரிலேயே இருக்கிறது. பெட்ரோல் அளவு காட்டும் பம்ப் படத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன முக்கோணம் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் டேங்க் மூடி. ஃபோர்டு கம்பெனியில் இருந்த ஜிம் மொய்லன் 1986-ல் எழுதிக் கொடுத்த யோசனை இது. இன்று பெரும்பாலான கார்களில் வந்துவிட்டது. இது வெறும் சௌகரியம். இனி வருபவை அப்படியல்ல.

மலை இறக்கம்: பிரேக்குக்கு முன்னால் கியர்

முதலில் ஒரு கணக்கு. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் இந்த 1,900 மீட்டரை இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் ஏறக்குறைய 6.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ஆறரை மணி நேரம் விடாமல் சூடாக்கினால் எவ்வளவோ அவ்வளவு. காற்றும் டயர் உராய்வும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். மீதியை யாராவது தாங்கியாக வேண்டும்: ஒன்று என்ஜின், இல்லாவிட்டால் நான்கு சக்கரங்களில் இருக்கும் பிரேக்.

பிரேக்கே முழுவதையும் தாங்கினால் என்ன ஆகும்? சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் பேட் சூடேறிப் பிடிமானம் குறையும். அதைவிட ஆபத்து பிரேக் ஆயிலில் இருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சக்கூடிய திரவம். பிரேக் ஆயிலின் தர வகைகளில் புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸிலும், டாட் 4 ஆயில் 230 டிகிரியிலும்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140-க்கும் 155-க்கும் இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் பெடல் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. பிரேக் ஆயிலைக் கையேடு சொல்லும் கால இடைவெளியில், பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, மாற்றச் சொல்வது இதனால்தான். சமவெளியில் மட்டும் ஓடும் வண்டியில் இதன் அருமை தெரியாது. குன்னூர் மலைப்பாதையில் 'இரண்டாவது கியரில் இறங்கவும்' என்று எழுதி வைத்திருப்பதற்கும் இதுவே காரணம்.

கியரில் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் என்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையில் வண்டியின் வேகம் மட்டுப்படும். எந்த வண்டியில் இதை எப்படிச் செய்வது?

1. சாதாரண கியர் வண்டி: ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள். லாரி ஓட்டுநர்கள் தலைமுறையாகச் சொல்லும் இந்த விதி கார்களுக்கும் அப்படியே பொருந்தும்.

2. ஏஎம்டி வண்டி (சாதாரண கியர்பாக்ஸையே கிளட்ச் பெடல் இல்லாமல் தானாக மாற்றும் வகை): லிவரைப் பக்கவாட்டில் தள்ளினால் 'எம்' என்ற கைமுறை நிலை வரும். அங்கே கழித்தல் குறிப் பக்கம் தட்டினால் கியர் குறையும். கிளட்ச் இல்லாத வண்டி என்பதால் கியரைத் தொடவே கூடாது என்று நினைத்துக்கொண்டு, மலை முழுக்க டிரைவ் நிலையிலேயே இறங்குகிறவர்கள் நிறையப் பேர்.

3. மற்ற ஆட்டோமேட்டிக் வண்டிகள்: 'எல்', 'எஸ்', '2' என்ற எழுத்தோ எண்ணோ இருந்தால் அது இறக்கத்துக்கும்தான். சில வண்டிகளில் லிவரின் பக்கத்தில் 'ஓ/டி' என்ற பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் மேல் கியருக்குப் போகாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கூட்டல், கழித்தல் துடுப்புகள் இருந்தால் கழித்தலை இழுங்கள்.

4. மின்சாரக் கார்: இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்து பேட்டரியை நிரப்பும். அந்தப் பிடிமானத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி பல வண்டிகளில் உண்டு. ஆனால் பேட்டரி நூறு சதவீதம் நிறைந்திருந்தால் வரும் மின்சாரத்தை வைக்க இடம் இருக்காது. பல கார்களில் அப்போது இந்தப் பிடிமானம் குறைந்துவிடும். அதனால் ஊட்டி லாட்ஜில் இரவு முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் நூறு சதவீதத்தோடு இறங்காதீர்கள். கொஞ்சம் இடம் விட்டே கிளம்புங்கள்.

நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. கார்புரேட்டர் காலத்துக் கணக்கு அது. இன்றைய இன்ஜெக்ஷன் என்ஜினில், கியரில் இருந்தபடி காலை எடுத்தால், சுற்று ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை எரிபொருள் முழுவதுமாக நிறுத்தப்படுகிறது. நியூட்ரலில் என்ஜின் தானாக ஓடுவதற்கு எரிபொருள் செலவாகிறது. அதாவது நியூட்ரலில்தான் செலவு அதிகம், கூடவே பிரேக் மேல் முழுச் சுமை. இன்னும் ஒரு படி போய் என்ஜினையே அணைத்து இறங்குவது தற்கொலைக்குச் சமம். பெட்ரோல், டீசல் கார்களில் பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் சில மிதிப்புகளிலேயே தீர்ந்துவிடும், பவர் ஸ்டீயரிங் இறுகும், சாவியை முழுதாகத் திருப்பியோ எடுத்தோ விட்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளலாம்.

கருகல் வாடை வந்தால் பாதுகாப்பான அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, திடீரென்று குளிர்ந்தால் அது வளையும் அல்லது விரிசல் விடும். பெடல் உள்ளே போக ஆரம்பித்துவிட்டால் விட்டுவிட்டு மிதியுங்கள், ஒவ்வொரு கியராகக் குறையுங்கள், கை பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல் சிறிது சிறிதாக இழுங்கள்.

கண்ணாடியில் பனி: ஏசி குளிருக்கு மட்டுமல்ல

வால்பாறையிலோ கோத்தகிரியிலோ மழையில் கண்ணாடி வெளுத்துப்போனால் துணி எடுத்துத் துடைக்கிறோம். இரண்டு நிமிடத்தில் மறுபடி வெளுக்கும். மூச்சிலிருக்கும் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிவதுதான் காரணம். ஏசி ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் அதன் குளிர்ந்த சுருளில் படிந்து, தண்ணீராகி வெளியே சொட்டிவிடுகிறது. எனவே ஏசி என்பது ஈரத்தை எடுக்கும் கருவியும்கூட. வெப்பத் திருகைச் சிவப்புப் பக்கம் வைத்தாலும் ஏசி பட்டனைப் போட்டு வைக்கலாம். அப்போது காய்ந்த வெதுவெதுப்பான காற்று வரும். செய்ய வேண்டியது: காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்புங்கள், ஏசியைப் போடுங்கள், உள்காற்றையே சுழற்றும் பட்டனை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள். பனி கண்ணாடியின் வெளிப்பக்கம் படிந்திருந்தால் நிலைமை வேறு. கண்ணாடி அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். வைப்பரைப் போட்டு, ஏசிக் குளிரைக் குறைத்தால் போதும்.

உள்காற்றுப் பட்டன் புகை கக்கும் லாரிக்குப் பின்னாலும், மண் சாலைத் தூசியிலும் நல்லது. ஆனால் கார் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அதிலேயே போனால் மூச்சுக்காற்றின் கரியமில வாயு உள்ளே கூடும், மந்தமும் தூக்கமும் வரும். இரவுப் பயணத்தில் அவ்வப்போது வெளிக்காற்றை விடுங்கள்.

இரவில் என்.எச். 544: எதிரே வருகிறவர் ஏன் லைட் அடிக்கிறார்?

டிம்மில்தான் போகிறோம், இருந்தும் எதிரே வருகிறவர்கள் லைட்டை அடித்து அடித்துக் காட்டுகிறார்கள். குடும்பத்தோடு, டிக்கி நிறையச் சாமான்களோடு போகும்போது இது அடிக்கடி நடக்கும். பின்பக்கம் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு மேலே தூக்கும், ஹெட்லைட்டும் அதோடு தூக்கும். ஒரே ஒரு டிகிரி தூக்கினாலும் 50 மீட்டர் தூரத்தில் ஒளி ஏறக்குறைய 87 சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் விழுகிறது.

இதைச் சரி செய்யத்தான் ஸ்டீயரிங்குக்கு வலப்புறம் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்ன உருளை இருக்கிறது. ஓட்டுநர் மட்டும் இருந்தால் 0. ஆளும் பாரமும் கூடக் கூட எண்ணைக் கூட்டினால் ஒளி கீழே இறங்கும். எத்தனை பேருக்கு எந்த எண் என்ற பட்டியல் கையேட்டில் உண்டு. விலை கூடிய சில வண்டிகளில் தானாகவே சரிசெய்துகொள்ளும், அவற்றில் உருளை இருக்காது. பழனிக்கோ பண்ணாரிக்கோ ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாகக் கிளம்பும்போது இதைத் திருப்ப ஒரு நொடி போதும். எதிரே வரும் பைக்காரருக்கு இது உயிர் விஷயம்.

பின்னாலிருந்து ஹை பீம் கண்ணைக் குத்தினால், உள் கண்ணாடியின் அடியில் உள்ள சின்ன நாக்கைத் தட்டுங்கள். அந்தக் கண்ணாடி ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தது. நாக்கைத் தட்டியதும் பின்னால் பூசிய வெள்ளிப் பரப்பின் பிரதிபலிப்பு கூரைக்குப் போய்விடும். முன்பக்க வெறுங்கண்ணாடி திருப்பும் நாலு சதவீத அளவு ஒளி மட்டும் கண்ணுக்கு வரும். பின்னால் வண்டி வருவது தெரியும், கூசாது. இதற்கு மின்சாரமே தேவையில்லை.

மாலையில் பெருந்துறையிலிருந்து கோவை நோக்கி ஓட்டுகிறவர்களுக்கு மேற்குச் சூரியன் நேர் முகத்தில் அடிக்கும். சாலை வளைந்து வெயில் பக்கவாட்டில் வரும்போது, வெயில் மறைப்பான் பலகையின் ஒரு முனையைக் கொக்கியிலிருந்து கழற்றி ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு மழையிலும் சுரங்கச் சாலையிலும் ஓடுவது நம்மிடம் பழக்கமாகிவிட்டது. பல கார்களில் அது எரியும்போது இடது வலது இண்டிகேட்டர் வேலை செய்யாது. நீங்கள் தடம் மாறுவது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு.

பேட்டரி செத்தால்: சாவியும் கியரும்

பட்டன் அமுக்கி ஸ்டார்ட் செய்யும் கார்களில் சாவிக்குள் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன. ஒன்று, பட்டன் செல்லில் ஓடும் ரேடியோ. கதவு தானாகத் திறப்பது இதனால். இன்னொன்று, செல் இல்லாமலே இயங்கும் சில்லு. கார் அனுப்பும் மின்காந்தப் புலத்திலிருந்தே இதற்குச் சக்தி கிடைத்துவிடும். எனவே சாவியின் செல் தீர்ந்துவிட்டால் வண்டியை டோ செய்ய வேண்டியதில்லை.

1. சாவியின் ஓரத்தில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தினால் உள்ளிருந்து ஓர் உலோகச் சாவி வரும்.
2. ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் சாவித் துவாரம் இருக்கும். சில மாடல்களில் அது ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும், அடியிலுள்ள சின்னப் பிளவில் நெம்பினால் மூடி வரும்.
3. திறந்ததும் அலாரம் கத்தலாம். பதற வேண்டாம், வண்டி ஸ்டார்ட் ஆனதும் நின்றுவிடும்.
4. பிரேக்கை மிதித்தபடி (கியர் வண்டியில் கிளட்சை), சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அமுக்குங்கள். சில கார்களில் சாவியை வைக்க வேண்டிய இடம் கப் ஹோல்டரிலோ ஸ்டீயரிங் பக்கத்திலோ இருக்கும்.

காரின் பெரிய பேட்டரியே செத்துவிட்டால் பிரச்சினை வேறு. பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பார்க் நிலையிலிருந்து லிவர் நகராது, தள்ளவும் முடியாது. இதற்காகவே லிவருக்குப் பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்து உள்ளே சாவி நுனியால் அழுத்திக்கொண்டே லிவரை நியூட்ரலுக்கு இழுக்கலாம். அதற்கு முன் கை பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். நியூட்ரல் விழுந்த நொடியிலேயே சரிவில் வண்டி உருள ஆரம்பிக்கும்.

தண்ணீரும் கண்ணாடியும்: ஹெட்ரெஸ்ட் கதை

ஹெட்ரெஸ்ட் இருப்பது பின்னாலிருந்து வண்டி மோதும்போது தலை பின்னுக்கு மடங்கிக் கழுத்து எலும்பு அடிபடாமல் இருக்க. உயரம் மாற்றவும் சீட்டை மடக்கவும் வசதியாகத்தான் அது கழற்றும்படி இருக்கிறது. கண்ணாடி உடைப்பதற்காக அதை வடிவமைக்கவில்லை. பக்கக் கண்ணாடி வழக்கமாக டஃபன்ட் கிளாஸ், கூரான முனை ஒரு புள்ளியில் பட்டால்தான் சட்டென்று நொறுங்கும். ஹெட்ரெஸ்ட் கம்பியின் முனை மழுங்கியது. ஜன்னல் இடுக்கில் செருகி நெம்பினால் சில நேரம் உடையலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது, அது விரிசல் விடுமே தவிர வழி விடாது. கைக்கெட்டும் இடத்தில் கண்ணாடி உடைக்கும் சின்னச் சுத்தியல் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

வரிசை இதுதான். தண்ணீர் கதவை எட்டும் முன்பே ஜன்னலை இறக்குங்கள், மின்சாரம் இருக்கும்போதே இது நடக்க வேண்டும். பெல்ட்டைக் கழற்றுங்கள், பிள்ளைகளை முதலில் வெளியேற்றிவிட்டு நீங்களும் வெளியேறுங்கள். வெளியே தண்ணீர் நிற்கும்போது கதவின் மேல் விழும் அழுத்தத்தை ஆள் தள்ளித் திறப்பது கடினம். சென்ட்ரல் லாக் வேலை செய்யாவிட்டாலும் உள்கைப்பிடியோ தாழ்ப்பாள் குமிழோ கதவைத் திறக்கும், முன்னே சொன்ன 2019 விதி இதைக் கட்டாயமாக்கியது. பின்கதவில் சைல்டு லாக் போட்டிருந்தால் அது உள்ளிருந்து திறக்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள். தண்ணீரில் நின்றுபோன என்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

பழைய கார் வாங்கும்போது வண்டியே சொல்லும் சாட்சிகள்

கார் கன்சல்டிங் கடைகள் நம் ஊர்களில் ஏராளம். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பாலிஷையும் கிலோமீட்டரையும் பார்க்கிறார்கள். இவற்றையும் பாருங்கள்.

1. ஏர்பேக் விளக்கு. சாவியைப் போட்டதும் அது சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கை மட்டும் துண்டித்திருக்க வாய்ப்பு உண்டு.

2. கண்ணாடிகளின் மூலை. ஒவ்வொரு கண்ணாடியிலும் தயாரிப்பாளர் முத்திரையும் தேதிக் குறியீடும் உண்டு. ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாவிட்டால், ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

3. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டை நன்றாகத் தெரிந்தாலும் ரப்பர் பழசாகியிருக்கலாம். பள்ளங்களுக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடுகள் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மீதம் 1.6 மில்லிமீட்டர்தான். டயர் மாற்றும் காலம் வந்துவிட்டது.

4. சீட் பெல்ட். முழுவதும் வெளியே இழுத்து, அடிப்பக்கத் துணிப் பட்டியில் உள்ள தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். வண்டியின் வயதோடு ஒத்துப்போக வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பிடித்து நிற்க வேண்டும். பூட்டுக்குள் எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்தும் பொய்க் கிளிப் செருகியிருந்தால் அங்கேயே கழற்றி எறியுங்கள். அந்தக் கிளிப்பை விற்றதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்கள் மேல் உத்தரவு பிறப்பித்தது. ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணையாகச் செய்யப்பட்டது. பெல்ட் போடாத உடம்பு விரிந்துவரும் பையின் மேல் முழு வேகத்தில் போய் விழும். பின்சீட்டின் பூட்டுகள் சீட்டுக்கு அடியில் புதைந்து கிடந்தால், விலை பேசும் முன் அவற்றை வெளியே எடுத்துப் போட்டு ஒவ்வொன்றும் மாட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.